ஈஎஸ்ஐ கிளெய்ம் மேசை: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1989-இல் டைப்பிங் தேர்வு எழுதி, கீழ்நிலை எழுத்தராக ஈஎஸ்ஐ கழகத்தில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில், சேர்ந்தேன். 2022-இல் ஓய்வு. நடுவில் பெரும்பாலான வருடங்கள் கொங்குப் பக்கத்துக் கிளை அலுவலகம் ஒன்றில் கிளெய்ம் மேசையில்தான் போயின. ஓய்வு பெற்றும் கேள்விகள் விடவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கும் பெண் கேட்கிறாள். ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது என்று ஒருநாள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். தொகைகளும் விகிதங்களும் நான் பணியை முடிக்கும்போது இருந்தவை. அவற்றை அவ்வப்போது மாற்றுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்ஐன்னா ஆஸ்பத்திரிதானே? அங்க நீங்க நர்ஸா இருந்தீங்களா?

இல்லை. ஈஎஸ்ஐயில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று வைத்தியம். தமிழ்நாட்டில் மருந்தகங்களையும் பல மருத்துவமனைகளையும் மாநில அரசு நடத்துகிறது. சென்னை கே.கே. நகர் மருத்துவமனை போன்ற சிலவற்றைக் கழகமே நேரடியாக நடத்துகிறது. இன்னொன்று பணம். உடம்பு முடியாமல் சம்பளம் போனால், பிரசவத்துக்கு லீவு போட்டால், மிஷினில் கை மாட்டினால், வேலையே போனால், அந்த நாட்களுக்கு ரொக்கமாகக் கொடுப்பது கிளை அலுவலகத்தின் வேலை. டாக்டர் "இவருக்கு 10 நாள் ஓய்வு" என்று சான்று எழுதுவார். அந்த 10 நாளுக்குப் பணம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று பார்க்கிறவள் நான்.

1948-இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. நம் பக்கம் 1955-இல் கோயம்புத்தூரில் ஆரம்பித்தார்கள், மில்கள் அங்கேதானே இருந்தன. எங்கள் அலுவலகத்தில் பழைய மில் தொழிலாளிகள் கடைசிவரை அதை "இன்சூரன்ஸ் ஆபீஸ்" என்றுதான் சொன்னார்கள்.

மாசம் எவ்வளவு பிடிப்பாங்க? யாருக்கெல்லாம் உண்டு?

2019 ஜூலையிலிருந்து தொழிலாளியிடம் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். அதற்கு முன் 1.75, 4.75 என்று இருந்தது. மாதம் 15,000 ரூபாய் சம்பளமென்றால் உங்களிடம் 113 ரூபாய் போகும், கம்பெனி 488 போடும். நாள் சம்பளம் சராசரியாக 176 ரூபாய்க்குள் இருப்பவர்களிடம் பிடிக்கவே கூடாது, கம்பெனி பங்கு மட்டும் வரும்.

சம்பள உச்சவரம்பு 2017 முதல் 21,000. மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. நடுவில் இன்கிரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினால் அடுத்த நாளே வெளியே போய்விட மாட்டீர்கள். அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், உரிமையும் தொடரும்.

வேலையை விட்டுட்டேன். பி.எஃப். பணம் எடுத்தாச்சு. ஈஎஸ்ஐ பணத்தை எப்ப எடுக்கலாம்?

எடுக்க முடியாது. பி.எஃப். உங்கள் பெயரில் சேரும் சேமிப்பு. ஈஎஸ்ஐ எல்லோரும் ஒரே பானையில் போடும் சந்தா. வருடம் முழுக்க உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தப் பணம் பக்கத்து மிஷின்காரருக்குப் போயிருக்கும். இதைச் சொன்னால் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். ஒருவர் மட்டும், "அப்ப நான் நல்லா இருந்ததுக்கு அபராதமா மேடம்?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு கிளெய்ம் கையில வந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க?

தேதி. என்ன நோய் என்பதெல்லாம் அப்புறம்தான். வருடத்தை இரண்டு சந்தாக் காலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. விதைக்கிற மாதம் வேறு, அறுக்கிற மாதம் வேறு. பிப்ரவரியில் காய்ச்சல் வந்தால் நான் பார்ப்பது போன ஏப்ரல்–செப்டம்பர் கணக்கை. "போன மாசம்கூடக் கட்டியிருக்கேனே" என்று சம்பளச் சீட்டை நீட்டுவார்கள். அது ஜூலைக்கு உதவும், இந்தப் பிப்ரவரிக்கு உதவாது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஜூன் 1-இல் முதன்முதலாக வேலையில் சேர்ந்தவருக்கு, நோய்க்கால ரொக்கப் பலன் 9 மாதம் கழிந்த பிறகு, அதாவது மார்ச்சில்தான் ஆரம்பிக்கும். அக்டோபரில் டெங்கு வந்தால் மருத்துவம் உண்டு, பணம் இல்லை. ஆனால் வேலையிடத்து விபத்துக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. சேர்ந்த முதல் நாளே கை மாட்டினாலும் பணம் உண்டு.

இன்னொன்று: நோய்க்காலத்தில் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்தக் கழிவு இல்லை.

78 நாள்ங்கிறாங்க. எனக்கு 77 இருக்கு. ஒரு நாள்தானே மேடம், போட்டு விட்ருங்களேன்?

மாதம் 26 நாள் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 156 நாள். அதில் சரிபாதி 78. நோய்க்காலப் பலனுக்கு அந்தச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சம்பளம் வந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு அளவு வேறு: முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் மொத்தம் 70 நாள் போதும்.

77-ஐ 78 ஆக்க எனக்கு அதிகாரம் கிடையாது, கணினியும் விடாது. ஆனால் 77 என்று பார்த்ததும் "இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறவரை நான் நல்ல எழுத்தர் என்று சொல்ல மாட்டேன். நான் முதலில் கேட்பது: மே 1 சேர்ந்திருக்கிறதா? ஆகஸ்ட் 15? தமிழ்நாட்டில் 1958-இலிருந்தே தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. சம்பளம் உண்டென்றால் அது சந்தா நாள். கம்பெனி கணக்கர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வேலை செய்த நாளை மட்டும் எண்ணிப் போட்டிருப்பார்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. 77 நாள், கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை, ஆறு வாரம் லீவு. சம்பளப் பதிவேட்டின் நகலை வாங்கி வரச் சொன்னேன். அதில் ஆகஸ்ட் 15-க்குச் சம்பளம் போட்டிருந்தார்கள், சந்தாவில் விட்டிருந்தார்கள். கம்பெனி விட்டுப்போன சந்தாவை 12 சதவீத வட்டியோடு கட்டியது. வட்டி சில்லறைக் காசுதான், கணக்கருக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்னு எப்படிப் போடுறீங்க?

அந்தச் சந்தாக் காலத்து மொத்தச் சம்பளத்தைச் சம்பள நாட்களால் வகுக்க வேண்டும். மாதம் 15,000 வீதம் ஆறு மாதத்துக்கு 90,000. 156 நாளால் வகுத்தால் கிட்டத்தட்ட 577 ரூபாய். நோய்க்காலத்துக்கு அதில் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 404. வேலையிட விபத்தால் வந்த தற்காலிக ஊனமென்றால் 90 சதவீதம். பிரசவத்துக்கு முழுச் சம்பளமும், 26 வாரத்துக்கு. காசநோய், புற்றுநோய் மாதிரி பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம். அதற்கு 2 வருடச் சர்வீஸ் வேண்டும், சந்தா நிபந்தனையும் தனி. சாதாரண நோய்க்கு அடுத்தடுத்த இரண்டு பலன் காலத்தில் மொத்தம் 91 நாள்தான் எல்லை.

அதே 15,000 ரூபாய்க்காரருக்கு இன்னொரு கம்பெனி, ஞாயிறையும் சேர்த்து மாத நாட்கள் எல்லாவற்றையும் சம்பள நாளாகப் போடும். 183 நாளால் வகுத்தால் சராசரி 492-க்கு இறங்கும், 70 சதவீதம் 344 ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கம்பெனியில் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேர் ஒன்றாக வந்து, "இவனுக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்று சண்டை போட்டிருக்கிறார்கள். காரணம் இதுதான். அதிக நாள் போட்டால் 78 சீக்கிரம் நிரம்பும், தொகை குறையும்.

ஆதார்ல ஒரு பேர், ஈஎஸ்ஐல ஒரு பேர். பணம் வராதா?

நம்மூர் இனிஷியல் படுத்தும் பாடு இது. ஈஎஸ்ஐயில் "எம். முருகேசன்", ஆதாரில் "முருகேசன் மாரப்பன்", வங்கியில் "மாரப்பன் முருகேசன்". மூன்றும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே கம்பெனி மூலம் திருத்திக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் போகும் பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருக்கும். அதையும் பாருங்கள்.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பின்னாலேயே எண்களும் மாறின. நான் பாஸ் செய்த பணம் கொஞ்ச நாளில் திரும்பி வந்து நிற்கும். தொழிலாளியோ "ஆபீஸ்ல அமுக்கிட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

கிளெய்முக்கு உள்ள ஏதாவது கொடுக்கணுமா? வெளியில ஒருத்தர் 500 ரூபா கேட்டாரே?

கட்டணம் எதுவும் கிடையாது. வெளியே டீக்கடையில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் தன் கைக்கூலியை வாங்குகிறார். அதை "உள்ளே கொடுக்கணும்" என்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். உள்ளே யாருமே வாங்கியதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஜன்னலில் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்த காலத்தில் இருந்த வாய்ப்பு, பணம் நேராக வங்கிக்குப் போக ஆரம்பித்த பிறகு ரொம்பக் குறைந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

வேலை போனா அரசாங்கம் காசு கொடுக்குமாமே? நம்ம நாட்லயா?

நம் நாட்டில்தான். ஈஎஸ்ஐயில் இருந்தவர்களுக்கு மட்டும். இரண்டு திட்டம் உண்டு. 2005 ஏப்ரல் 1-இல் வந்தது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை போனவர்களுக்கானது. 24 மாதம்வரை கிடைக்கும்: முதல் 12 மாதம் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு.

2018 ஜூலை 1-இல் வந்தது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. பெயரைச் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிடும் என்பதால் நாங்கள் "அடல்" என்றே சொல்வோம். வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்கு நிவாரணம். 2 வருடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் நான்கு சந்தாக் காலத்திலும் 78 நாள் கேட்டார்கள், நிவாரணமும் 25 சதவீதம்தான். கொரோனாவில் அது மாறியது, கீழே சொல்கிறேன். இரண்டில் முதல் திட்டம் நீளமானது, வாசலோ ரொம்பக் குறுகலானது. மூடலுக்கும் ஆட்குறைப்புக்கும் முறையான தாள் வேண்டும். நான் இருந்த காலத்தில் அந்தத் தாளோடு வந்தவர்கள் அபூர்வம்.

90 நாளுக்கு மொத்தம் எவ்வளவு தேறும்?

மேலே சொன்ன 577 ரூபாய்க் கணக்கு இங்கே செல்லாது. இதில் கடைசி நான்கு சந்தாக் காலத்துச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுப்பார்கள். இரண்டு வருடத்தில் அத்தனை நாள்தானே. மாதம் 15,000 வீதம் 24 மாதத்துக்கு 3,60,000. 730-ஆல் வகுத்தால் நாளுக்கு 493. அதில் 50 சதவீதம் 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்குச் சுமார் 22,190 ரூபாய். வீட்டு வாடகையும் மளிகையும் போனால் மிச்சம் இருக்காது. வேலை தேடப் பஸ் காசு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் வேலை பார்த்தவர் இரண்டிலும் வேலை இழந்திருந்தால்தான் இதற்குத் தகுதி. நடுவில் வேலை கிடைத்துவிட்டால் அன்றோடு நின்றுவிடும்.

கம்பெனிக்காரங்க "செட்டில்மென்ட் வேணும்னா ராஜினாமா எழுதிக் கொடு"ன்னாங்க. கொடுத்துட்டேன். இப்ப என்ன பண்றது?

இந்தக் கேள்விதான் என்னை இதையெல்லாம் எழுத வைத்தது. பழைய திட்டத்தில் தானாக விலகியவருக்கு இடமே இல்லை. அடல் திட்டத்திலும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், வயதாகி ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு வாங்கியவர் கேட்க முடியாது. உங்கள் கையெழுத்தோடு "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று ஒரு தாள் இருந்தால், நீங்கள் தானாகத்தான் போனீர்கள் என்ற கேள்வி கிளம்பும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அந்தத் தாளைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத ஓர் எண். கம்பெனி மாதாமாதம் இணையத்தில் சந்தா போடும்போது, சம்பளமில்லாத ஆளுக்கு எதிரே காரண எண் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1 என்றால் விடுப்பு, 2 என்றால் வேலையை விட்டார், 3 ஓய்வு, 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, 10 ஆட்குறைப்பு, 11 வேலையில்லை. கணக்கர் கை பழக்கத்தில் 2-க்குப் போகும். நாற்பது பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய கம்பெனியின் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். நாற்பதும் 2. நாற்பது பேரும் ஒரே காலையில் எழுந்து "இனி வேலை வேண்டாம்" என்று முடிவெடுத்தார்கள் என்றால் யார் நம்புவது? ஆனால் திரையில் அப்படித்தான் இருந்தது. எங்கள் கிளை மேலாளர் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு மூன்று கடிதம் போட்டார். மூன்றாவதற்குப் பதில் வந்தது, 10 என்று திருத்தினார்கள். அதற்குள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

எழுதிக் கொடுத்தாயிற்று என்றால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதற்கு இருப்பதையெல்லாம் சேருங்கள்: அதே நாளில் எத்தனை பேர் போனார்கள், வாட்ஸ்அப் செய்தி, செட்டில்மென்ட் சீட்டு. தொழிலாளர் துறையிலும் மனு கொடுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் "நாளை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

கொரோனா நேரத்துல எல்லாருக்கும் கொடுத்தாங்களாமே?

எல்லாருக்கும் இல்லை. 2020 மார்ச் 24-க்குப் பிறகு வேலை போனவர்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள். 25 சதவீதம் 50 ஆனது. வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டியது 30 நாளானது. கம்பெனி வழியாக வர வேண்டும் என்பதை எடுத்துவிட்டு நேராகக் கிளைக்கே வரலாம் என்றார்கள். 78 நாள் நிபந்தனையும் நான்கு சந்தாக் காலத்திலிருந்து இரண்டுக்கு இறங்கியது: கடைசிச் சந்தாக் காலம் கட்டாயம், மீதி மூன்றில் ஏதாவது ஒன்று. பிறகு அந்தத் தளர்வைப் பலமுறை நீட்டித்தார்கள்.

முதலில் 20 ரூபாய் முத்திரைத் தாளில் உறுதிமொழி கேட்டார்கள். ஊரடங்கில் முத்திரைத் தாள் விற்பவரை எங்கே தேடுவது? அந்த வருடக் கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். நான் பார்த்த நல்ல திருத்தங்களில் அதுவும் ஒன்று. கம்பெனி வழியாக வரத் தேவையில்லை என்றது அதைவிடப் பெரியது. வேலையை விட்டு அனுப்பியவரிடமே போய்ச் சான்று வாங்கி வா என்பது, அடித்தவனிடமே மருந்துச் சீட்டு கேட்பது மாதிரி.

சிக் லீவு போட்டுட்டு வேற இடத்துல வேலை பார்க்கிறவங்களை எப்படிப் பிடிப்பீங்க?

சந்தேகமென்றால் படிவம் 10-ஐக் கம்பெனிக்கு அனுப்புவோம்: இந்தத் தேதிகளில் இவர் வேலைக்கு வந்தாரா, சம்பள விடுப்பில் இருந்தாரா என்று. வந்த நாளுக்கும் சம்பள விடுப்பு வாங்கிய நாளுக்கும் பலன் கிடையாது, வேலைநிறுத்த நாளுக்கும் அப்படியே. நீண்ட லீவென்றால் மெடிக்கல் ரெஃப்ரியிடம் அனுப்புவோம், அவர் வேறு டாக்டராக இருந்து பரிசோதிப்பார். பொய் என்று தெரிந்தால் வாங்கியதைத் திருப்ப வேண்டும். 1948 சட்டத்தில் 6 மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம்வரை இருந்தது.

ஆனால் ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதுதான் இந்த வேலை என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். என் மேசையில் நின்றுபோன கிளெய்ம்களில் பொய்யைவிடத் தப்பு தேதியும் தப்பு எண்ணும்தான் அதிகம். அதிலும் பாதி, தொழிலாளி செய்த தப்பே இல்லை.

கம்பெனி என் சம்பளத்துல பிடிச்சுது, ஆனா கட்டலை. என் கதி?

உங்கள் உரிமை போகாது. கட்ட வேண்டியது முதலாளி கடமை. கட்டாததால் உங்களுக்குப் பலன் குறைந்தால், கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள், இன்ன சம்பளம் வாங்கினீர்கள் என்று தெரிய வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிப் பதிவு, அடையாள அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலர் கம்பெனிக்குப் போய்ப் பார்ப்பார். நேரம் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

வேலைக்குப் போற வழியில பைக்ல விழுந்துட்டேன். அது வேலையிட விபத்தா?

2010 ஜூனிலிருந்து வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே போய்வரும்போது நடந்த விபத்தும் சேரும். ஆனால் விபத்து நடந்த சூழல், நேரம், இடம் மூன்றுக்கும் வேலைக்கும் தொடர்பு தெரிய வேண்டும். ஷிப்ட் 10 மணிக்கு முடிகிறது, வீடு 20 நிமிடத் தூரம், விபத்து 11.40-க்கு என்றால் நடுவில் எங்கே இருந்தார் என்று கேட்காமல் விட முடியாது. அப்படி ஒரு கோப்பில் தொழிலாளி "டீ குடிச்சேன், கூட்டாளியோட பேசிட்டிருந்தேன்" என்று எழுதியிருந்தார். எங்கள் அலுவலர் நேரில் போய்ப் பார்த்தார். டீக்கடை அவர் வழக்கமாகப் போகும் வழியிலேயே இருந்தது, கூட்டாளியும் அதே ஷிப்ட். ஒரு மணி நேரப் பேச்சு கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கிளெய்ம் பாஸானது. அதே கடை எதிர்த்திசையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

விபத்து அறிக்கையைக் கம்பெனி படிவம் 12-இல் தர வேண்டும். காவல்துறைப் பதிவையும் மருத்துவமனையில் சேர்த்த நேரத்தையும் வாங்கி வையுங்கள். விபத்து நாளை விட்டுவிட்டு 3 நாளுக்காவது வேலை செய்ய முடியாமல் இருந்தால்தான் பலன். விபத்துப் பணமும் நோய்ப் பணமும் ஒரே நாளுக்குச் சேர்த்து வாங்க முடியாது, எது அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

"இத்தனை ரிஜெக்ட் பண்ணு"ன்னு மேல இருந்து சொல்வாங்களா?

என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. தணிக்கை பயம் உண்டு. தப்பாகக் கொடுத்த 4,000 ரூபாய்க்குத் தணிக்கைக் குறிப்பு வரும், விளக்கம் எழுத வேண்டும், சில நேரம் நம் சம்பளத்தில் கை வைப்பார்கள். தப்பாக மறுத்த 4,000 ரூபாய்க்கு ஒரு குறிப்பும் வராது, ஆள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். "வேண்டாம் வம்பு" என்று கேள்வி எழுதித் திருப்பும் பழக்கம் இதனால்தான் வருகிறது. எனக்கும் முதல் பத்து வருடம் இருந்தது.

மறுத்துட்டா அப்புறம் எங்க போறது?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் "வராது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு கிளை மேலாளர், மாதக் குறைதீர் கூட்டம், மண்டல அலுவலகம். கடைசியாக ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம். கிளெய்மை, உரிமை உண்டான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். நீதிமன்றம் போக 3 வருடம். பலரும் கோட்டை விடுவது முதல் கெடுவை.

நானும் இந்த வேலைக்கு வரலாம்னு இருக்கேன் அத்தை. என்ன படிக்கணும்?

ஏதாவது ஒரு பட்டம் போதும். மேல்நிலை எழுத்தர் தேர்வுக்கு வயது 18 முதல் 27, இட ஒதுக்கீட்டுத் தளர்வு தனி. 2022-இல் நடந்தது போல முதல்நிலை, முதன்மை, கணினித் திறன் என்று மூன்று கட்டம். சம்பளம் 25,500-இல் ஆரம்பம், படி எல்லாம் தனி. சமூகப் பாதுகாப்பு அலுவலர் பதவி இன்னும் மேலே, 44,900-இல் ஆரம்பம்.

தேர்வில் கேட்காத ஒன்று: இந்தி கொஞ்சம் பேசத் தெரிந்தால் நல்லது. நான் சேர்ந்தபோது மில் தொழிலாளிக்கு ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் சொன்னால் போதும். ஓய்வு பெறும்போது எதிரே நின்றவர்களில் ஒடிசா, பீகார் பையன்கள் நிறைய. கையைக் காட்டி வலியைச் சொல்வார்கள், தேதியைச் சொல்லத்தான் தடுமாறுவார்கள்.

உங்க ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள போய் என் கிளெய்ம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. கடைசி நாளே லாகினை மூடிவிட்டார்கள். உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைப் போட்டு நீங்களே ஈஎஸ்ஐ இணையதளத்தில் பார்க்கலாம். கடவுச்சொல் போகும் செல்பேசி எண், நீங்கள் மூன்று வருடத்துக்கு முன் தூக்கிப் போட்ட சிம்மாக இருந்தால், ஆதாரோடு நேரில் கிளைக்குப் போங்கள். மதியத்துக்கு முன் போனால் நல்லது.